வீனஸின் ரசீது

ஜோனத்தன் எட்வர்ட்ஸ் (1703–1758) அமெரிக்கச் சுவிசேஷ மரபின் பெரும் இறையியலாளர். 1741இல் என்ஃபீல்டில் அவர் பிரசங்கத்தைக் கேட்ட ஜனம் நரகத்துக்குப் பயந்து அலறியது.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, நியூபோர்ட்டில் 80 பவுண்டு கொடுத்து வீனஸ் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கியவர் அவர். ரசீது இன்னமும் இருக்கிறது. வங்கியில் தினம் ரசீதோடு மாரடிக்கிறவன் நான்; இந்த ரசீதைத் தாண்டிப்போக முடியவில்லை.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். அதே காலத்தில்தான் நார்த்ஃபீல்ட் சபையாரில் சிலர் தங்கள் போதகர் அடிமை வைத்திருந்ததைக் கண்டித்தார்கள். போதகருக்காக வக்காலத்து எழுதியவர் எட்வர்ட்ஸ். அவரிடம் படித்த சாமுவேல் ஹாப்கின்ஸோ, 1776இல் அடிமைகளை விடுவிக்கச் சொல்லிப் புத்தகமே போட்டார். குருவுக்கு உறைக்காதது சீடனுக்கு உறைத்தது.

எட்வர்ட்ஸைப் படிக்க வேண்டாம்னு சொல்லலை. வீனஸையும் சேர்த்துப் படியுங்கள்.