வில்லையும் விருப்பமும்

குரங்கும் காசின் அருமை அறியும் என்று மேடையேறி முழங்குவோர் பெருகிவிட்டனர். ஆசிரியர் பயிலரங்குகளிலும் இதே பல்லவிதான். விலங்கே வில்லைக்கு உழைக்கிறதாம். ஆகவே மாணவனுக்கு நட்சத்திரமும் வில்லையும் வழங்கினால் தமிழ் தானே வளர்ந்துவிடுமாம்! ஆய்வின் பெயரால் பரப்பப்படும் இக்கூற்றை அவ்வாய்வுகளைக் கொண்டே மறுக்க விரும்புகின்றேன்.

1936 ஆம் ஆண்டில் ஜான் உல்ஃப் என்னும் அமெரிக்க உளவியலார் சிம்பன்சிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டார். வில்லையைப் பொறியொன்றின் துளையில் இட்டால் திராட்சைப் பழம் வந்து விழும். வில்லையைப் பெறுவதற்கோ பளுவேற்றிய நெம்புகோலை உயர்த்தியாக வேண்டும். பழத்திற்கு உழைத்தது போன்றே வில்லைக்கும் அவை உழைத்தன. வெள்ளை வில்லைக்கு ஒரு பழம், நீல வில்லைக்கு இரண்டு, பித்தளை வில்லைக்கு ஒன்றுமில்லை என வகுத்தபோது, பித்தளையை ஒதுக்கவும் நீலத்தை நாடவும் கற்றுக்கொண்டன. இவ்வளவையும் நம் பேச்சாளர் சொல்லிவிடுவர். ஆனால், உணவுக்கு ஒரு நிறம், நீருக்கு வேறொரு நிறம் என்று வில்லைகளைப் பிரித்தபோது நிகழ்ந்ததைச் சொல்லார். பசித்த விலங்கு உணவு வில்லையை நாடியது. தாகமுற்றது நீர் வில்லையை நாடியது. வில்லைக்கு மதிப்பளித்தது பசியும் தாகமுமேயன்றி வில்லையின் நிறமன்று.

அடுத்து அவர்கள் கையிலெடுப்பது, 2006 இல் கீத் சென், வெங்கட் லட்சுமிநாராயணன், லாரி சாண்டோஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வு. கபுச்சின் குரங்குகளுக்கு உலோக வில்லைகளைக் கொடுத்து, ஆய்வாளரிடம் தின்பண்டம் 'வாங்க'ப் பழக்கினர். ஒரு பண்டத்தின் விலை குறைந்தபோது குரங்குகள் அதனையே மிகுதியாக வாங்கின. விலையை உணர்ந்து தேர்வு செய்யும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பதை நானும் ஒப்புகின்றேன். அது வியப்புக்குரிய செய்தியே. ஆயினும் அதே ஆய்வின் மற்றொரு பகுதியைப் பாருங்கள். ஒரு துண்டைக் காட்டி அதனையே தருபவர் ஒருவர். இரண்டைக் காட்டி, ஒன்றை விலக்கிவிட்டு, மீதி ஒன்றைத் தருபவர் மற்றொருவர். குரங்குகள் முன்னவரையே பெரிதும் நாடின. இழப்புக்கு அஞ்சும் மனிதப் பண்பு குரங்கிடமும் உண்டு என்று ஆய்வாளர் முடிவு கட்டினர். இரண்டே ஆண்டுகளில், 2008 இல், ஆலன் சில்பர்பெர்க் குழுவினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு துண்டை விலக்குவதற்குப் பிடிக்கும் நேரத்தால் உணவு தாமதமாகின்றது. அத்தாமதத்தை இருபுறமும் சமமாக்கியபோது அந்த நாட்டம் மறைந்துபோயிற்று என்றனர். அறிஞரே இவ்வாறு வழக்காடிக்கொண்டிருக்க, நம்மவர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டனர்!

வில்லை முறையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 1968 இல் அயில்லோன், அஸ்ரின் என்னும் இருவர், இல்லினாய் மாநில மனநல மருத்துவமனையொன்றில் தாம் கையாண்ட வில்லை முறையை நூலாக வெளியிட்டனர். செயலற்றுக் கிடந்த நோயாளிகளை அன்றாடக் கடமைகளில் ஈடுபடுத்த அம்முறை பயன்பட்டது. எழுத்தென்றாலே வெருண்டோடும் பிள்ளையை முதற்படியில் ஏற்றிவிட ஒரு நட்சத்திரம் உதவுமாயின், உதவட்டுமே!

என் சினமெல்லாம், ஏற்கெனவே விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கும் விலை பேசுகின்றோமே என்பதுதான். 1973 இல் மார்க் லெப்பரும் அவர்தம் துணைவரும் அமெரிக்க மழலையர் பள்ளியொன்றில் வண்ணம் தீட்டுவதில் ஆர்வமுள்ள குழந்தைகளை ஆராய்ந்தனர். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர்ப் பரிசில்லாத ஓய்வு வேளையில் மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இக்குறை காணப்படவில்லை. ஆசிரியப் பெருமக்களே, பரிசன்று, பேரமே அங்கு ஆர்வத்தைக் குலைத்தது! சிம்பன்சிக்குத் திராட்சையில் இயல்பாகவே வேட்கை உண்டு. நெம்புகோலின்மீது அதற்குக் காதல் இல்லை. நாமோ கதைப் புத்தகத்தையே நெம்புகோலாக்கிவிட்டு, பிள்ளைக்குத் திராட்சை தேடி அலைகின்றோம். புத்தகமே திராட்சையாக இருந்திருக்கலாமே என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிறரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நானும் என் வகுப்பின் சுவரில் நட்சத்திர அட்டவணை தொங்கவிட்டவன்தான். ஓராண்டு முழுதும் அது தொங்கிற்று. வகுப்பிலேயே மிகுதியாகப் படிக்கும் மாணவி ஒருத்திக்கு, அவள் விரும்புவாள் என்றெண்ணிப் புதிய சிறுகதைத் தொகுப்பொன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அட்டையைக்கூடத் திருப்பிப் பாராமல் அவள் கேட்டாள்: "இதற்கு எத்தனை நட்சத்திரம், ஐயா?"