மீனுக்கு மீனையே அரைச்சுப் போடணுமா?

போளூர் பக்கம் மழைத்தண்ணிக்காக வெட்டின பண்ணைக்குட்டையில மீன் விடறது இப்போ பழக்கமாகிட்டு வருது. கட்லா, ரோகு, மிர்கால் மூணையும் சேர்த்து விடுவோம். மீன் வளர்க்கறவன் செலவுல பாதிக்கு மேல தீனிக்கே போயிடும். அதனால தீனியில என்ன இருக்குங்கறது எங்க கவலை. நகரத்துல இருந்து படிக்கிற உங்களுக்கும் அதுல கொஞ்சம் கவலை இருக்கணும்னு நினைக்கிறேன்.

‘புரதம் அதிகம்’னு விற்கிற தீனி பலதுல மீன்தூள் சேர்ந்திருக்கு. கடல்ல பிடிச்ச பொடிமீனை வேகவெச்சு, பிழிஞ்சு, காயவெச்சு அரைச்சதுதான் மீன்தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலஞ்சு கிலோ பச்சைமீன் போகும். உலகத்துல அதிகமா மீன்தூள் ஏற்றுமதி பண்ற நாடு பெரு. 2023-ல எல் நினோவால கடல் சூடாகி, அங்க முதல் பருவ நெத்திலிப் பிடிப்பையே ரத்து பண்ணிட்டாங்க. உலகம் முழுக்க விலை ஏறுச்சு. நம்ம நாட்டுலயும் மத்தியும், இழுவலையில மாட்டுற பொடிமீனும் அரவை ஆலைக்குப் போகுது.

அந்தப் பொடிமீன் யாரோட சாப்பாடு? கடலுக்கு இவ்வளவு தூரத்துல இருக்கிற எங்களுக்கும், ஜவ்வாது மலை ஜனங்களுக்கும் கடல்மீன்னா பெரும்பாலும் சந்தைக்கு வர்ற கருவாடுதான். கூலிக்குப் போறவங்க வீட்டுல களிக்குத் தொட்டுக்க அதுதான் இருக்கும். அந்த மீனை அரைச்சு இன்னொரு மீனுக்குப் போட்டு, அதை நகரத்து மார்க்கெட்டுல விற்கிறது எனக்கு நியாயமாப் படலை.

நாங்க வளர்க்கிற மீனுக்கு அது தேவையும் இல்லை. கட்லா மேல்தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரைத் தின்னும். ரோகு நடுவுல மேயும். மிர்கால் அடிச்சேத்தைக் கிளறும். குட்டையில அளவா சாணி கரைச்சாலே அதுங்களுக்குப் பாதி இரை தண்ணியிலயே உண்டாகிடும். மீதிக்குப் புண்ணாக்கும் தவிடும் போதும். நீங்க வேர்க்கடலைன்னு சொல்ற எங்க ஊரு மல்லாட்டையோட புண்ணாக்குல நூத்துக்கு 40-க்கு மேல புரதம். தவிட்டுல 12 போல இருக்கும். சரிபாதி கலந்தா 26, 27 வந்துடும். இந்த மீன்களுக்கு 25-லிருந்து 30 வரைக்கும் போதும். ஆந்திராவுல கொல்லேறு பக்கம் ஓட்டை போட்ட பையில தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பி, மூங்கில்ல கட்டித் தொங்க விட்டே ஏராளமா மீன் எடுக்கிறாங்க.

குறையும் இருக்கு. மல்லாட்டைப் புண்ணாக்குல லைசின், மெத்தியோனின்ங்கற சத்து ரெண்டும் கம்மி. கொடுவாவுக்கும் இறாலுக்கும் இது மட்டும் பத்தாது. ஈரம் பட்டா பூஞ்சணம் வந்து அஃப்ளாடாக்சின்ங்கற விஷம் ஏறும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்தப்போ, பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்குலதான் அந்த விஷத்தைக் கண்டுபிடிச்சாங்க. அதனால புதுசா ஆட்டினதா வாங்கி, பலகை மேல அடுக்கி, காய்ஞ்ச இடத்துல வெச்சு, சீக்கிரமாத் தீர்க்கணும்.

சோயா போடலாமேம்பாங்க. 2021-ல சோயாப் புண்ணாக்கு விலை எகிறினப்போ, 12 லட்சம் டன் மரபணு மாற்றின சோயாப் புண்ணாக்கை வெளிநாட்டுல இருந்து இறக்க ஒன்றிய அரசு அனுமதிச்சுது. எங்கேயோ விளையறதை நம்பினா நம்ம குட்டையோட கணக்கு நம்ம கையில இருக்காது. கருப்புப் படைவீரன் ஈயோட புழு நல்ல வழிதான். ஐரோப்பாவுல 2017-லயே அதை மீன் தீனியில சேர்க்க அனுமதிச்சுட்டாங்க. ஆனா அதுக்குக் காய்கறிக் கழிவு மலையாக் குவியணும். அது உங்க ஊருல குவியுது, எங்க ஊருல மிஞ்சறது மாட்டுக்குப் போயிடுது. அந்த வேலையை நகரம் எடுத்துச் செஞ்சா சந்தோஷம்.

எங்க பிரச்சினை வேற. மல்லாட்டை இங்க விளையுது. காயா மூட்டை கட்டி வெளியூர் ஆலைக்குப் போகுது. அங்க எண்ணெய் எடுத்த பிறகு, புண்ணாக்கு லாரி வாடகையும் ஏறித் திரும்பி வருது. கறவை மாட்டுக்கும் அதேதான் வேணும், மீனுக்கும் அதேதான் வேணும். கிடைக்கறது கம்மி, விலையும் அதிகம். விதைச்சவனே தன் காட்டுல விளைஞ்சதோட சக்கையை விலை குடுத்து வாங்குறான்.

இங்கதான் உங்களுக்கு வேலை இருக்கு. செக்கெண்ணெய் தேடி வாங்குறீங்களே, ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னாடி ஒரு கிலோவுக்கு மேல புண்ணாக்கு இருக்கு. விளையற ஊருலயே ஆட்டின எண்ணெயா வாங்கினா, அந்தப் புண்ணாக்கு இங்கயே தங்கும். மாடு தின்னும், மாட்டுச் சாணி குட்டைக்குப் போகும், மிச்சப் புண்ணாக்கு மீனுக்கு ஆகும். மலையில சாமை குத்தினா வர்ற தவிட்டையும் இதோட கலந்துக்கலாம். பஞ்சாயத்துக்கு ஒரு செக்கு, ஈரம் ஏறாத ஒரு கிடங்கு, இது ரெண்டுக்கும் மானியம் குடுத்தா குட்டை வெட்டக் குடுத்த மானியமும் வீணாகாது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, ‘இன்னைக்குப் பிடிச்சதா?’ன்னு கேட்கறீங்க. கூடவே ‘இது என்ன தின்னு வளர்ந்துச்சு?’ன்னும் ஒரு கேள்வி கேளுங்க. கடைக்காரருக்குப் பதில் தெரியாம இருக்கலாம். பத்துப் பேர் கேட்டா, அவர் எங்ககிட்ட வந்து கேட்பார்.