ஆள் பற்றாக்குறை என்று எழுதுகிறவர்களுக்கு

எங்கள் வங்கிக் கிளையில் ஒருநாள் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பேனர் கட்டுவது, டீயும் வடையும் சொல்லிவைப்பது, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் கிளார்க்கான என் தலையில் விழுந்தது. அவர் நடவு இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பாய் நாற்றங்கால், பயிர் இடைவெளி, விதை மிச்சம், செலவு மிச்சம் எல்லாம் சொன்னார். கடைசியில், "இன்றைக்கு விவசாயத்தில் முதல் பிரச்சினை ஆள் பற்றாக்குறைதான்" என்று முடித்தார். முன்வரிசை பட்டாதாரர்கள் மொத்தமும் தலையாட்டியது.

பின்னால் நின்ற நானும் தலையாட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சாயங்காலம் ஊருக்குப் போனேன். டெல்டாவில் வாய்க்கால் ஓரத்துச் சேரி எங்களுடையது. நடவு சீசன். அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. "வேலைக்குப் போகலியாம்மா?" என்றேன். "கூப்புட்டாத்தானடா போறதுக்கு. மிஷினு வந்துருக்காம். நாலு மூலையில நடுறதுக்கு மட்டும் ரெண்டு பேரு போதுங்குறாங்க" என்றது. நாற்பது வருசமாக நட்ட கை அது. அதை வைத்துத்தான் நான் பி.ஏ. படித்தேன், வங்கித் தேர்வு எழுதினேன், இன்றைக்குக் கவிதை என்று எதையோ கிறுக்குகிறேன்.

ஆள் இல்லை என்று காலையில் மேடையில் கேட்டேன். ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைச் சாயங்காலம் பார்த்தேன். இரண்டும் ஒரே பிர்க்காவில், ஒரே நாளில்.

இதை யோசித்த பிறகுதான் இன்னொன்று தட்டியது. இயந்திரக் கடனுக்கு வருகிற திட்ட அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இப்பகுதியில் ஆள் பற்றாக்குறை நிலவுவதால்...' பல்கலைக்கழகத்துப் பிரசுரத்திலிருந்து திட்ட அறிக்கைக்கு வரும், அறிக்கையிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். எத்தனையோ தடவை நானே அதை டைப் அடித்திருக்கிறேன். என் அம்மாவை இல்லாத ஆளாக்கி நானே கோப்பு தயாரித்திருக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். ஒருவருக்கு இருவருக்கு மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் 'விவசாயி' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தமே கூலிக்காரராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் 'விவசாயிகளிடம் கருத்துக் கேட்டோம்' என்று எழுதும்போது யார் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள் என்று நமக்குத் தெரியும். சேரிக்குள் அந்த ஜீப் திரும்பியதா? திரும்பினால் எங்கள் பெண்கள் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பார்கள். "ஆளு இருக்கு. நீங்க குடுக்குற கூலிக்குக் குனிய ஆளு இல்ல."

இதை மறைக்கவேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் திருப்பூர் போனார்கள், சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், சிலர் என்னைப்போல நாற்காலிக்குப் போனார்கள். கிராமத்தை விட்டு வெளியே வா என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை அவர்கள் படித்துச் செய்தார்களோ படிக்காமல் செய்தார்களோ, செய்தார்கள். 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது பண்ணைக்காரர்கள் எப்படிக் கொதித்தார்கள்! "ஆள் கெட்டுப்போச்சு" என்றார்கள். எங்கள் பெண்களுக்குப் பேரம் பேச ஒரு பிடிமானம் கிடைத்தது என்பதுதான் அதன் அர்த்தம். அவர்கள் 'ஆள் பற்றாக்குறை' என்று சொல்வதில் பாதி, நம் மறுப்பு. இன்னொரு பாதி, நமக்குக் கொடுக்காத கூலி. எசமானர் திண்ணையில் பேசுகிற இந்தச் சொல்லை அப்படியே தூக்கி ஆய்வின் முதல் வரியாக வைத்துவிட்டால், வருகிற விடையில் நாம் எப்படி இருப்போம்?

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை தோழர்களே. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடுவது புனிதமான வேலை என்று எவனாவது கவிதை எழுதினால் அவனை ஒருநாள் நாற்றங்காலில் இறக்கிவிடவேண்டும். அம்மாவின் இடுப்பு எனக்குத் தெரியும். அந்த இடுப்பை நிமிர்த்த ஒரு இயந்திரம் வந்தால் முதல் மாலை நான் போடுவேன். ஆனால் வந்த இயந்திரம் இடுப்பை நிமிர்த்தியதோடு அடுப்பையும் அணைத்ததே, அதற்குக் கணக்கு எங்கே? ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எழுதுகிற அட்டவணையில், ஏக்கருக்கு எத்தனை நாள் கூலி யாரிடமிருந்து போனது என்று ஒரு கட்டம் ஏன் இல்லை?

இந்தக் கட்டம் இல்லாததால் என்ன நடக்கும் என்று தஞ்சை மண்ணுக்குத் தெரியும். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் அங்கே பரவியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் நல்ல கண்டுபிடிப்பு. விளைச்சல் ஏறியது. ஏறிய நெல்லில் அறுத்தவனுக்கு எவ்வளவு என்ற கேள்வியை எந்த ஆராய்ச்சி நிலையமும் கேட்கவில்லை. சங்கம் வைத்த கூலிகள் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். மறு வருசம் மத்திய உள்துறை அமைச்சகமே, புதிய விவசாயத்தின் பலன் சமமாகப் போய்ச் சேராததுதான் கிராமத்துக் கொந்தளிப்புக்குக் காரணம் என்ற பொருளில் அறிக்கை எழுதியது. விதை நெல் தானாக யாரையும் கொளுத்தவில்லை, உண்மைதான். ஆனால் விளைச்சலை மட்டும் அளந்து பங்கை அளக்காத விஞ்ஞானம், 'நான் நடுநிலை' என்று கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

நம்ம ஊர்ச் சாதிப் புத்திதான் இப்படி என்று நினைத்தேன். இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து தக்காளி பறிக்கவைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் 'பிரசேரோ'. ஸ்பானிய மொழியில் கை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஆள்கூட இல்லை, வெறும் கை! ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும் அங்கேயும் இதே கூச்சல்: ஆள் பற்றாக்குறை. டேவிசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் விடை தயாராகிக்கொண்டிருந்தது. ஜாக் ஹன்னா என்ற பயிர் விஞ்ஞானி அடிபட்டாலும் நசுங்காத, ஒரே சமயத்தில் பழுக்கிற தக்காளியை உருவாக்கினார். கோபி லோரன்சன் என்ற பொறியாளர் அதைப் பறிக்கிற இயந்திரத்தை உருவாக்கினார். அறுபதுகளின் தொடக்கத்தில் சுமார் 4,000 தக்காளி விவசாயிகள் இருந்த இடத்தில் 1973-இல் சுமார் 600 பேர்தான் மிஞ்சினார்கள். எழுபதுகளின் கடைசிக்குள் 32,000 பேருக்கு வேலை போனது என்று மதிப்பிட்டார்கள்.

அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1979-இல் கூலிகளின் சார்பில் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பு ஒன்று பல்கலைக்கழகத்தின் மேலேயே வழக்குப் போட்டது. பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சி யாருக்கு என்பதுதான் வழக்கு. சிறு விவசாயிகளின் நலனைக் கருத்தில் கொள்ளப் பல்கலைக்கழகம் ஒரு ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1987-இல் தீர்ப்பு வந்தது. 1989-இல் மேல்கோர்ட் அதை ரத்து செய்தது. தோற்றார்கள். ஆனாலும் பத்து வருசம் பல்கலைக்கழகத்தைக் கோர்ட்டில் நிற்கவைத்துப் பதில் சொல்லவைத்தார்கள். நம் ஊரில் இந்தக் கேள்வி ஒரு செமினாரில்கூட எழுந்ததாகத் தெரியவில்லை.

ஆளே இல்லை என்பது வயலில் நடக்கிற கதை. தண்ணீரில் வேறு கதை. அங்கே ஆள் இருக்கிறார், கணக்கில் இல்லை. என் முதல் போஸ்டிங் சிவகங்கைப் பக்கம். ஏரிகளைக் கண்மாய் என்பார்கள். அங்கே நீர்க்கட்டி என்று ஒரு பெரியவர் லோன் கேட்டு வருவார். மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கரையில் எங்கே கசிவு எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். ராத்திரி மழை பெய்தால் ஊரே தூங்கும், அவர் மண்வெட்டியோடு கரையில் நிற்பார். தென்மாவட்டங்களில் பல ஊர்களில் இந்த வேலையைத் தலைமுறையாகப் பார்த்துவந்தவர்கள் நம் மக்கள். கூலி, அறுவடையில் கொஞ்சம் நெல். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள். ஆய்வாளர்கள் இந்தப் பெரியவர்கள் பின்னாலேயே கரையில் நடந்துதான் குறிப்பெடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. அந்தச் சங்கத்தில் உறுப்பினராக நிலம் வேண்டும். தண்ணீரைப் பங்கு வைக்கத் தெரிந்தவருக்கு நிலம் இல்லை. அதனால் அவருக்கு ஓட்டு இல்லை. அந்தப் பெரியவருக்கு எங்கள் வங்கியில் லோனும் கிடைக்கவில்லை. படிவத்தில் முதல் கேள்வி சர்வே நம்பர்.

காட்டிலும் இதுதான். சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் பிளிகிரி ரங்கன் மலை. அங்கே சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்னாலேயே காட்டின் தரையில் சருகுக்குச் சின்ன நெருப்பு வைப்பார்கள். கன்னடத்தில் 'தரகு பெங்கி'. உண்ணி சாகும், புதுப்புல் வரும், முளைக்கிற களைச்செடி கருகும். 1974-இல் அதைச் சரணாலயம் ஆக்கி, நெருப்பு வைத்தால் குற்றம் என்றார்கள். பிறகு உண்ணிச்செடி காட்டை விழுங்க ஆரம்பித்தது. அந்தப் புதருக்கடியில் புல் எங்கே வரும்? புல் இல்லாத காட்டில் மானும் காட்டெருதும் யானையும் எதைத் தின்னும்? காய்ந்த புதர் கோடையில் பற்றினால் தரையோடு நிற்காது, மரத்துக்கே ஏறும். காடு நன்றாக இருக்கவேண்டும் என்று போட்ட தடை இது.

இதை வெளியே கொண்டுவந்ததும் ஆராய்ச்சிதான், அதையும் சொல்லவேண்டும். பெங்களூர் ஏட்ரீ நிறுவனத்து ஆய்வாளர்கள் சோளகர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். 1997-லும் 2008-லும் அதே காட்டை அளந்தார்கள். உண்ணிச்செடி பெருகியிருந்தது. சோளகர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதினார்கள். மாதேகவுடா என்ற சோளகர் வெறும் தகவல் சொன்னவராக நிற்கவில்லை, ஆய்வு எழுதுகிறவர்களில் ஒருவராக நின்றார். முனைவர் பட்டமும் வாங்கினார். கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பது மாறியதும் விஞ்ஞானம் கெட்டுப்போகவில்லை. இன்னும் நல்ல விஞ்ஞானம் ஆனது.

அதனால் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடு என்று நான் கேட்கவில்லை. அங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு இயந்திரத்தைச் சிபாரிசு செய்தால், எத்தனை நாள் கூலி யாருக்குப் போகும் என்பதை அதே பக்கத்தில் அச்சடியுங்கள். அந்த இயந்திரம் கூலிப் பெண்களின் குழுவுக்கே சொந்தமாக, அவர்களே வாடகைக்கு ஓட்ட என்ன வழி என்று ஆராய்ச்சி செய்யுங்கள். ஆணுக்குச் சமமாகக் கூலி வாங்கிக்கொண்டு அவர்கள் ஓட்டட்டும். நீர்க்கட்டி சொன்னதை எழுதினால் அவர் பெயரைப் போடுங்கள், அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். எழுதியதைச் சேரியில் வந்து தமிழில் படித்துக் காட்டுங்கள். காட்டுப்பன்றி அழித்த பயிருக்கு நட்டக்கணக்கு எடுக்கும்போது, ராத்திரியெல்லாம் பரணில் கிடந்து காவல் காத்த கூலிக்காரனின் தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1892-இல் வெள்ளைக்கார அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிக் கைமாறி யார் யாரிடமோ கிடக்கிறது. அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். வானத்திலிருந்து படம் எடுத்து எந்த வயலில் என்ன நோய் என்று சொல்லத் தெரிந்த பல்கலைக்கழகத்துக்கு, பழைய ஆவணத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து எந்த சர்வே நம்பர் யாருடையது என்று சொல்ல முடியாதா? முடியும். கேட்பதற்குத்தான் அவர்களுக்கு 'ஆள் பற்றாக்குறை'.

போன வாரம் இன்னொரு இயந்திரக் கடன் கோப்பு என் மேசைக்கு வந்தது. அந்த வரி வழக்கம்போல இருந்தது. பக்கத்தில் பென்சிலால் 'யாருக்கு?' என்று எழுதினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "என்ன சார், ஃபைல்லயும் கவிதையா?" என்று சிரித்தார். ரப்பர் எடுத்து அழித்துவிட்டேன். வேலை வேண்டுமே.

அங்கே அழித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.