தசை சொல்லும் உண்மை

"உடம்பைத் தளர விடுங்கள்" என்பது இயன்முறை மருத்துவத்தில் அடிக்கடி கேட்கும் சொல். நோயாளியும் "விட்டுவிட்டேன்" என்பார். ஆனால் தசை உண்மையிலேயே தளர்ந்துவிட்டதா? தேர்வு எழுதும்போது தோள்களை உயர்த்திக்கொண்டிருக்கும் நமக்கு, அவை உயர்ந்திருப்பதே தெரிவதில்லை அல்லவா, தோழியரே? எனவே தளர்ச்சியை வாய்ச்சொல்லாலும் கைத்தொடுதலாலும் மட்டும் முடிவு செய்யலாகாது. எலெக்ட்ரோமயோகிராபி என்னும் முறையின் துணையும் தேவை என்பதே என் கருத்து.

தசை சுருங்கும்போது நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. தோலின்மேல் ஒட்டிய மின்வாய்கள் அதை ஏற்க, கருவி அதைப் பெருக்கிக் கோடாக வரைகிறது. அளவு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! தசை ஓய்வு கொண்டால் கோடு ஏறத்தாழ நேராகிவிடும்.

தசைத் தளர்ச்சிப் பயிற்சி பற்றி 1929-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், படுத்திருப்பவர் உடலிலும் மிச்ச இறுக்கம் தங்கும் என்றார். அதை மின்கருவியால் அளக்கவும் முற்பட்டார். 1950-களில் ஃபிளாய்டு, சில்வர் என்னும் இரு ஆய்வாளர்கள், நலமுள்ள ஒருவர் முழுவதும் முன்குனியும்போது முதுகுத் தசைகள் மின் அமைதி அடைவதை விளக்கினர். நாட்பட்ட இடுப்பு வலியுள்ளோர் பலரிடம் அந்த அமைதி காணப்படுவதில்லை. அவர்கள் அறியாமலே தசை காவல் காத்து நிற்கிறது. அவர்களைப் பார்த்து, "நீங்கள் ஒத்துழைப்பதில்லை" என்று கடிந்துகொள்வது நியாயமாகுமா? கோட்டை அவர்களுக்கே காட்டினால், இறுக்கம் எங்கே என்று கண்டு, தாமே தளர்த்தப் பழகலாம்.

"அன்புக் கரத்துக்குக் கருவி ஈடாகுமா?" என்று கேட்கலாம். ஈடாகாதுதான். மின்வாய் வைக்கும் இடம், தோல், அதன் கீழுள்ள கொழுப்பு ஆகியவற்றால் அளவு மாறும். ஆகவே ஒருவரது அளவை மற்றவரோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. நெற்றித் தசை அமைதியானால் உடல் முழுவதும் அமைதி என்றும் கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கருவி அளப்பது மின்சாரத்தை, வலியை அன்று. கோடு நேராக இருப்பதைக் காட்டி, "உமக்கு வலியே இல்லை" என்பது பெருந்தவறு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். நோயாளியின் சொல், சிகிச்சையாளரின் கை, கருவியின் கோடு ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்பதே தீர விசாரிப்பதாகும். அதுவே நோயுற்றோருக்கு நாம் செய்யும் நீதியுமாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி