கோமோவில் ஏரியை மட்டும் பார்க்காதீங்க!

இத்தாலியின் கோமோ என்றாலே எல்லாரும் ஏரியைத்தான் பேசுகிறார்கள். ஏரி அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் பார்க்க வேண்டியது மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரைத்தான். இது என் கட்சி.

தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். ரோமானியர் போட்ட பிளான் அது! 1396-ல் தொடங்கிய கதீட்ரலின் வாசலில் இருபுறமும் இரண்டு சிலைகள். புனிதர்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கிறிஸ்தவரே அல்லாத பிளினிகள் இருவர், இந்த ஊரில் பிறந்த எழுத்தாளர்கள். படிப்பாளிக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்க!

வோல்டாவும் இந்த ஊர்க்காரர்தான். லேப் ரெக்கார்டில் தினமும் அவர் பேரைத்தானே எழுதுகிறோம்! துத்தநாகம், செம்பு வில்லைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்து அவர் அடுக்கியதுதான் முதல் பாட்டரி. அதன் நூற்றாண்டுக்காக 1899-ல் நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து, அவர் கருவிகள் பல சாம்பலாயின. வேறு ஊராயிருந்தால் மிச்சத்தை எடைக்குப் போட்டிருப்பார்கள் (நம்ம ஒர்க்‌ஷாப் பழைய லேத்துக்கு நடந்த மாதிரி!). கோமோக்காரர்கள் மிஞ்சியதைச் சேர்த்து, போனதைத் திரும்பச் செய்து, 1928-ல் ஏரிக்கரையிலேயே கோயில் மாதிரி மியூசியம் திறந்தார்கள். அதன் வாசல் வரை வந்தும் உள்ளே எட்டிப் பார்க்காமல் படகேறுகிறவர்களை என்ன சொல்வது?