டோனட் சொதப்பியது மாவிலா, எண்ணெயிலா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. மகள் மொபைலில் காட்டிய வீடியோவைப் பார்த்து அம்மா டோனட்டுக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறார். மாவும் பஞ்சு மாதிரி எழும்பிவிட்டது. முதல் ஈடு வாணலியில் இறங்கியது. சிவப்பதற்கே நான்கு நிமிடம் ஆனது. எடுத்துப் பிழிந்தால் எண்ணெய் சொட்டுகிறது.

"எண்ணெய் காயவே இல்லையே, அதுக்குள்ள போட்டுட்டியேம்மா" என்கிறார், வடை சுட்டுப் பழகிய பாட்டி.

அடுப்பைக் கூட்டினார்கள். இரண்டாவது ஈடு அரை நிமிடத்திலேயே கருத்துவிட்டது. பிய்த்தால் நடுவில் பச்சை மாவு. மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, "பரவால்லம்மா, கடையிலயே வாங்கிக்கலாம்" என்றாள். ஈஸ்ட் பாக்கெட் அலமாரியின் கடைசி மூலைக்குப் போனது.

பல வீடுகளில் டோனட் முயற்சி இப்படித்தான் முடிகிறது. பழி பெரும்பாலும் ஈஸ்ட் தலையில் விழும். ஆனால் மாவு எழும்பிவிட்டால் ஈஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே அர்த்தம். பிறகு கெடுவது இரண்டு இடங்களில்: வெட்டிய மாவைக் காத்திருக்க வைக்கும் நேரம், எண்ணெயின் சூடு.

முதலில் அளவு. மைதா 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் 150 மில்லி, வெண்ணெய் 30 கிராம். முட்டை சேர்ப்பவர்கள் ஒரு முட்டையைப் போட்டு, பாலை 100 மில்லியாகக் குறைத்துக்கொள்ளலாம். சுமார் 8 டோனட் வரும். பாலில் விரலை வைத்தால் சுடக் கூடாது; சூடு அதிகமானால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெயைக் கடைசியில் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். அதைப் பார்த்துப் பயந்து மைதாவைக் கொட்டினால் டோனட் பன் மாதிரி இறுகிவிடும்.

இனிதான் காத்திருப்பு. வீடியோவில் 'ஒரு மணி நேரம்' என்று சொல்வார்கள். எந்த ஊரில்? சென்னையின் மே மாத சமையலறையில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடலாம். ஊட்டியில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். இட்லி மாவுக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை, பாத்திரத்தைத்தானே பார்க்கிறோம்? இதற்கும் அப்படியே.

இரண்டு மடங்கானதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டம்ளரால் வட்டம் போட்டு, பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை எடுக்கலாம். ஒவ்வொன்றையும் சின்ன பட்டர் பேப்பர் துண்டின் மேல் வைத்து மூடிவிடுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் மறுபடி உப்பும். ஓரத்தில் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி எழுந்தால் சரியான பதம். அப்படியே பள்ளமாக நின்றுவிட்டால் அதிகம் புளித்துவிட்டது. அந்த மாவு எண்ணெயில் சுருங்கி, எண்ணெயையும் குடிக்கும். ஏ.சி. இல்லாத வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

கட்டர் இல்லை, மெஷின் இல்லை என்று தயங்குபவர்களுக்கு ஒரு பழைய கதை. முதல் உலகப் போரின்போது, 1917-ல், பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சேவை செய்ய சால்வேஷன் ஆர்மியின் தன்னார்வலர்கள் போயிருந்தார்கள். அவர்களில் ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்ற இரண்டு பெண்கள், கையிலிருந்த மாவு, சர்க்கரை, டின் பாலை வைத்து டோனட் சுட ஆரம்பித்தார்கள். பூரிக்கட்டைக்குப் பதில் ஒயின் பாட்டில். சின்ன வாணலியில் ஒரு தடவைக்கு ஏழுதான் போட முடிந்தது. முதல் நாள் 150 சுட்டார்கள். மழையிலும் சேற்றிலும் வீரர்கள் வரிசையில் நின்றார்கள். இவர்களைப் போன்ற பெண்களின் நினைவாகத்தான் 1938-ல் சிகாகோவில் டோனட் தினம் தொடங்கியது. இன்றும் ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் அது கொண்டாடப்படுகிறது.

நடு ஓட்டைக்கும் ஒருவர் உரிமை கோரினார். ஹான்சன் கிரகரி என்ற அமெரிக்க மாலுமி, 1847-ல் சிறுவனாகக் கப்பலில் இருந்தபோது, நடுவில் வேகாத டோனட்டைத் தின்று வெறுத்துப்போய்த் தானே ஓட்டை போட்டதாகச் சொன்னார். அது உண்மையோ கதையோ, காரணம் சரி. ஓட்டை இருந்தால் நடுப்பகுதிக்கும் சூடு சீக்கிரம் போகும். உளுந்து வடை தட்டும் கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வடை அனுபவம் முழுசாக இங்கே உதவாது. டோனட் மாவில் சர்க்கரையும் பாலும் இருப்பதால் சீக்கிரம் நிறம் மாறும். வடைக்குக் காய்வது போல நன்றாகக் காயவிட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். வேண்டிய சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஓட்டை போட்டதில் கிடைத்த குட்டி உருண்டை ஒன்றை முதலில் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழ்விட்டு மேலே மிதந்து, ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் பொன்னிறமானால் சரி. இருபது நொடியில் சிவந்தால் அடுப்பைக் குறைத்துக் கொஞ்சம் பொறுங்கள். குமிழே வராவிட்டால் இன்னும் காய வேண்டும்.

ஒரு ஈட்டுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். நிறைய போட்டால் எண்ணெய் ஆறிவிடும். பேப்பரோடு எண்ணெயில் நழுவவிட்டால் உப்பிய மாவு அமுங்காது. சில நொடிகளில் பேப்பர் தானே பிரியும், இடுக்கியால் எடுத்துவிடலாம். பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம். சுற்றிலும் நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாவு லேசாக மிதந்து வெந்திருக்கிறது.

எடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வேகும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போவதில்லை. வெளியே எடுத்து ஆற ஆரம்பித்ததும் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை டோனட் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், ஓட்டைத் தட்டிலோ கம்பி வலையிலோ உடனே வடியவிடுங்கள்.

சர்க்கரையில் புரட்டுவது வெதுவெதுப்பாக இருக்கும்போதே. கிளேஸ் வேண்டுமென்றால், பொடித்த சர்க்கரை ஒரு கப்பில் பாலை ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, ஒரு பக்கம் மட்டும் தொட்டு எடுக்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வாணலி பக்கம் மட்டும் அவர்கள் வரவே கூடாது. கைப்பிடியையும் உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். எண்ணெயில் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடிவிட வேண்டும். ஆறும்வரை வாணலியைத் தூக்காதீர்கள்.

மிஞ்சிய எண்ணெயை ஆறியதும் வடிகட்டி வைத்து, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். நிறம் கறுத்து, நுரைத்து, காறல் வாடை வந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி கிடையாது. மூக்கையும் கண்ணையும் நம்ப வேண்டியதுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் சனிக்கிழமை இரவே மாவைப் பிசைந்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மெதுவாகப் புளிப்பதால் வாசம் நன்றாக வரும். குளிர்ந்த மாவைத் தேய்ப்பதும் சுலபம். வெட்டிய பிறகு உப்புவதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வரை ஆகலாம், விரலால் அழுத்திப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சுட்டதை அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது. மறுநாள் காலையில் அது வறண்ட பன்தான்.