வாட் கணக்கு காசு உள்ளவர்களுக்கு மட்டுமா? பெரம்பலூர், அரியலூர் சைக்கிள் பிள்ளைகளுக்கு ஒரு பொதுச் சோதனை ஏன் தேவை?

அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்தப் போட்டி உண்டு. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். மாணவர்களுக்கு 15 அல்லது 20 கி.மீ., மாணவிகளுக்கு 10 அல்லது 15 கி.மீ. தூரம். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. நான்கு முதல் பத்தாம் இடம் வரை தலா 250 ரூபாய்.

இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் வைத்த சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. ரொம்ப நல்ல விதி அது. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளோடு ஒரு பிளஸ் ஒன் மாணவி நேராக வந்து ஸ்டார்ட்டிங் கோட்டில் நிற்கலாம்.

ஆனால், யார் முதலில் வந்தார் என்பதைத் தாண்டி இந்தப் போட்டியின் முடிவு எதையும் சொல்வதில்லை. யாருடைய காலில் எவ்வளவு பலம் என்பது வேறு கேள்வி. நகரங்களில் சீரியஸாக சைக்கிள் ஓட்டுபவர்கள் அந்தக் கேள்விக்கு வாட் கணக்கில் பதில் வைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கும் அந்தப் பதில் கிடைக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை அரசுதான் செய்ய வேண்டும்.

வாட் என்றால் என்ன?

பல்புக்குச் சொல்கிற அதே வாட்தான். பெடலை எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துக் கிடைப்பதுதான் பவர். பெடலிலோ கிராங்கிலோ பொருத்தப்படும் பவர் மீட்டர், உலோகம் நூலிழை அளவு வளைவதை வைத்து இதைக் கணக்கிடும். 1980-களில் ஜெர்மனி பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் உருவாக்கிய கருவிதான் இதை பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்தது.

ஸ்டாப்வாட்ச் போதாதா?

போதாது. 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் 30 கி.மீ. வேகத்துக்கு மாறினால், காற்றை எதிர்க்க மட்டுமே சுமார் 73 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். காற்று எதிர்ப்புக்கான பவர், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் எதிர்க்காற்று அடித்தால் நேரம் மொத்தமாக மாறிவிடும்.

இன்னொன்று, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் கால் பங்குக்கும் மேல் உழைப்பு மிச்சமாகும். கடைசி 200 மீட்டரில் வெளியே வந்து ஜெயிப்பது தந்திரம்தான், தப்பில்லை. ஆனால், 14 கி.மீ. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஆறாவதாக வந்த பிள்ளைதான் அன்றைக்கு அதிக பலம் காட்டியிருக்கலாம். முடிவுப் பட்டியலில் அது தெரியாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

பரவலான முறை 20 நிமிடச் சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிய பிறகு 20 நிமிடம் முழு மூச்சாக மிதிக்க வேண்டும். அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர் கிடைக்கும். இதைத்தான் எஃப்டிபி என்கிறார்கள். அதை உடல் எடையால் வகுத்தால் 'கிலோவுக்கு இத்தனை வாட்'. 60 கிலோ எடையில் 180 வாட் என்றால் 3. 75 கிலோவில் 210 வாட் என்றால் 2.8. பச்சைமலை ஏற்றத்தில் முதல் ஆள் முந்துவார். சமதளச் சாலையில், எதிர்க்காற்றில், இரண்டாவது ஆள் முந்த வாய்ப்பு அதிகம்.

அப்போ எண்ணைப் பார்த்தாலே போதுமா?

இங்கேதான் கவனம் தேவை. நல்ல மீட்டர்களே ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம். 250 வாட்டில் இரண்டு சதவீதம் என்பது 5 வாட். ஒருவர் மீட்டர் கூட்டியும் மற்றவர் மீட்டர் குறைத்தும் காட்டினால், சம பலமுள்ள இருவருக்கு நடுவே 10 வாட் இடைவெளி வந்துவிடும். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர்களும் உண்டு. வெயிலில் நின்ற சைக்கிளில் ஜீரோ செட் பண்ணாமல் கிளம்பினால் கணக்கு இன்னும் தடுமாறும். மே மாத வெயிலில் எடுத்த எண்ணையும் டிசம்பர் காலையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஒரே கருவி, ஒரே முறை, ஒரே அறை. இந்த மூன்றும் இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஆளாளுக்கு வாங்கிய மீட்டரை வைத்து இது நடக்காது. பொதுவான ஓர் இடத்தில்தான் நடக்கும்.

இதனால் யாருக்காவது வாழ்க்கை மாறியிருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் ஜே வைன், 2020-ல் வீட்டு டிரெய்னரில் மிதித்துப் போட்டியிடும் ஸ்விஃப்ட் அகாடமி தேர்வில் வென்றார். அதன் பரிசாக ஆல்பெசின்-ஃபெனிக்ஸ் அணியில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது. 2022-ல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு கட்டங்களை ஜெயித்தார். தேர்வில் கதவைத் திறந்துவிட்டதில் வாட் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கவே ஒரு டிரெய்னர் வேண்டும். பவர் மீட்டரானாலும் ஸ்மார்ட் டிரெய்னரானாலும், நம்மூர் போட்டியின் முதல் பரிசான 5,000 ரூபாயைப் போல பல மடங்கு விலை.

என்ன செய்யலாம்?

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே சுமார் 30 கி.மீ.தான். 2007-ல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்மார்ட் டிரெய்னர் போதும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் பத்து இடம் பிடித்தவர்களை, போட்டி முடிந்த சில வாரங்களில் ஒரே அறையில் சோதிக்கலாம். பத்தாவதாக வந்தவருக்கும் 250 ரூபாய் கொடுக்கிறோம். கூடவே அவருடைய எண்ணையும் கொடுப்போம். அடுத்த ஆண்டு அதே பிள்ளைக்கு அதே சோதனை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பயிற்சியாளருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

"வளர்ற பிள்ளைங்களை இப்படி எண்ணைக் காட்டி விரட்டலாமா?" என்ற கேள்வி நியாயமானது. கிலோவுக்கு வாட் என்ற கணக்கில் எடையைக் குறைத்தாலும் எண் ஏறும். அதனால் சாப்பாட்டைக் குறைக்கும் ஆபத்து உண்டு. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் எலும்பு, மாதவிடாய், வளர்ச்சி எல்லாம் பாதிக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே எச்சரித்தது. எனவே 17 வயதுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல் வேண்டாம். எண் பொதுவில் ஒட்டப்படாமல் பிள்ளை, பெற்றோர், பயிற்சியாளர் கையில் மட்டும் இருக்கட்டும். 13 வயதுப் பிரிவுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. 13 வயதில் சீக்கிரம் வளர்ந்த உடம்பு அதிக வாட் காட்டும். அதைத் திறமை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உயரம் தெரிந்த ஒரு மலைச்சாலையும் கடிகாரமும் போதும். 42 கிலோ மாணவி, 18 கிலோ சைக்கிள், மொத்தம் 60 கிலோ. 200 மீட்டர் உயரத்தை 15 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 131 வாட். பள்ளி இயற்பியல் கணக்குதான். பச்சைமலைப் பக்கம் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டாமல் அனுப்பினால் முதல் தகவல் கிடைத்துவிடும். உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த செப்டம்பரிலேயே தொடங்கலாம்.